செயலிகளின் வேகத்தை நியாயமாக ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களிலும் அவற்றைச் சுற்றி எழுந்த தாமான்களிலும் (குடியிருப்புகளிலும்) வாழும் மாணவர்களையும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கணினியின் கணக்குகளைச் செய்யும் சில்லான செயலியைத் (புராசசர்) தயாரிக்கும் இன்டெல் நிறுவனம், 1972ஆம் ஆண்டில் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் தொடங்கியது; அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டியும் அதே ஆண்டில் அங்கே வந்தது. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் அடுத்த தலைமுறை தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் போன இடங்களில் இவை இரண்டும் உண்டு. ஆகவே, இன்டெல் உயர்ந்ததா, ஏஎம்டி உயர்ந்ததா என்ற வாக்குவாதம் இங்கே கணினிக் கடையில் மட்டுமன்றி, ஒரே வீட்டில் அண்ணனுக்கும் மைத்துனருக்கும் இடையிலும் நடக்கிறது. வாதம் நடப்பது நல்லதுதான். எதை எதோடு, எந்த நிலையில் ஒப்பிடுகிறோம் என்று முதலில் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது விடிய விடிய நீண்டாலும் முடிவுக்கு வராது.

எந்தச் செயலி வேகமானது என்று கேட்டால் ஏன் நேராகப் பதில் கிடைப்பதில்லை?

அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. செயலியின் வடிவமைப்பு மட்டும் எவ்வளவு திறமையானது என்பது ஒன்று. அந்தச் செயலி பொருத்தப்பட்ட கணினி, ரேம், விசிறி, மின்வழங்கி எல்லாவற்றோடும் சேர்ந்து எவ்வளவு விரைவாக வேலையை முடிக்கிறது என்பது இன்னொன்று. கொடுக்கிற வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) எவ்வளவு வேலை கிடைக்கிறது என்பது மூன்றாவது. பொறியாளருக்கு முதல் கேள்வி முக்கியம். வாங்குபவருக்கு மற்ற இரண்டும் முக்கியம். ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, எதிரே இருப்பவர் மூன்றாவதை நினைத்துக்கொண்டு மறுப்பதால்தான் பெரும்பாலான வாதங்கள் முட்டுச்சந்தில் போய் நிற்கின்றன.

எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டாலும் அளக்க வேண்டியது நேரம்தான்: குறிப்பிட்ட ஒரு வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை எத்தனை விநாடி. மற்ற எண்களெல்லாம் அந்த நேரத்தை விளக்க உதவலாம். அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

கிகாஹெர்ட்ஸ் அதிகமாக இருந்தால் வேகமும் அதிகம்தானே?

இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வாளியில் எத்தனை லிட்டர் பால் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து யாரும் விலை போடுவதில்லை; அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்தே கணக்கு எழுதுவார்கள். மழைத்தண்ணீர் கலந்த பால் வாளியை நிறைக்குமே தவிர, ரப்பரைக் கூட்டாது. செயலி ஒரு விநாடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்பதைச் சொல்லும் கிகாஹெர்ட்ஸ், லிட்டர் கணக்கைப் போன்றது. ஒவ்வொரு துடிப்பிலும் உண்மையில் முடிகிற வேலைதான் உலர்ந்த ரப்பர்.

ஒரு நிரல் முடிய ஆகும் நேரம் மூன்றின் பெருக்கல்: நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளின் எண்ணிக்கை, ஒரு கட்டளைக்குச் சராசரியாக ஆகும் துடிப்புகள், ஒரு துடிப்பின் கால அளவு. கிகாஹெர்ட்ஸ் இவற்றில் மூன்றாவதை மட்டுமே சொல்கிறது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகங்களில் வெளிவந்த இன்டெலின் பென்டியம் 4, அதிகத் துடிப்பு எண்ணிக்கையை எட்டுவதற்காக வேலையை 20 படிகளாகப் பிரித்துக்கொண்டது. ஒவ்வொரு துடிப்பிலும் முடியும் வேலை அதனால் குறைந்தது. சில நிரல்களில் அதற்கு முந்தைய 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 அதற்கு ஈடுகொடுத்தது, சிலவற்றில் முந்தியது. மறு ஆண்டில் ஏஎம்டி, 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய தன் செயலிக்கு, 1.8 கிகாஹெர்ட்ஸை நினைவூட்டும்படி, அத்லான் எக்ஸ்பி 1800+ என்று பெயரிட்டது. விற்பனைக்கான உத்தி அது என்றாலும், துடிப்பு எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள் என்று சொன்னதில் நியாயம் இருந்தது. பென்டியம் 4ஐ 4 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை 2004இல் இன்டெலே கைவிட்டது.

ஒரே வடிவமைப்பைச் சேர்ந்த இரண்டு செயலிகளை ஒப்பிடும்போது மட்டும் கிகாஹெர்ட்ஸ் ஓரளவுக்குக் கைகொடுக்கும்.

அப்படியானால் ஒரு விநாடிக்கு எத்தனை கட்டளைகள் என்று எண்ணினால் போதாதா?

போதாது. ஒரு செயலியின் ஒரு கட்டளை செய்யும் வேலைக்கு இன்னொரு செயலியில் மூன்று கட்டளைகள் தேவைப்படலாம். எண்ணிக்கை அதிகம் என்பதற்காக வேலை அதிகம் நடந்ததாகக் கொள்ள முடியாது.

பெஞ்ச்மார்க் மதிப்பெண்களை நம்பலாமா?

பெஞ்ச்மார்க் என்பது வேகத்தை அளப்பதற்கென்று ஓட்டும் சோதனை நிரல். யார் எழுதிய பெஞ்ச்மார்க், அதற்குள் என்ன வேலை நடக்கிறது, எந்த விதிகளின்படி ஓட்டப்பட்டது என்று தெரிந்தால் நம்பலாம். தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

இந்தத் துறையில் மிகவும் கண்டிப்பான விதிகளை வகுத்தது 1988இல் உருவான ஸ்பெக் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு. செயற்கையான சிறு நிரல்களுக்குப் பதிலாக, கம்பைலர் (மனிதர் எழுதும் நிரலைச் செயலிக்குரிய கட்டளைகளாகத் தொகுத்துத் தரும் மென்பொருள்), சதுரங்கம், வானிலைக் கணிப்பு போன்ற உண்மையான நிரல்களை ஓட்டி நேரம் பார்ப்பது அதன் வழி. அப்படியும் ஓட்டைகள் இருந்தன. அதன் 1989ஆம் ஆண்டுத் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்றொரு நிரல் இருந்தது. அதன் ஓட்ட நேரம் ஏறத்தாழ முழுவதும் ஒரே வரியில்தான் கழிந்தது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து மாற்றி அமைக்கும் கம்பைலர்கள் வந்ததும் மதிப்பெண் பல மடங்கு எகிறியது, ஆனால் அந்தக் கணினியை வாங்கியவரின் அன்றாட வேலை அப்படி விரைவாகவில்லை. 1992ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த நிரலே நீக்கப்பட்டது.

இது பழங்கதை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2024 பிப்ரவரியில், இன்டெலின் கம்பைலர் ஒரு குறிப்பிட்ட சோதனை நிரலை முன்கூட்டியே அறிந்து அதற்கென்று மட்டும் தனிச் சலுகை செய்ததாகக் கண்டு, 2,600க்கும் மேற்பட்ட வெளியிடப்பட்ட முடிவுகளை விதிக்கு உட்படாதவை என்று ஸ்பெக் குறியிட்டது. கைப்பேசிகளிலும் இது நடந்திருக்கிறது. 2013இல் சாம்சங் கேலக்சி எஸ்4 வகைகளில் ஒன்றின் வரைகலைச் செயலி சில பெஞ்ச்மார்க் நிரல்கள் திறக்கப்பட்டபோது மட்டும் 533 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. நாம் விளையாடும்போது அதன் உச்சம் 480 மெகாஹெர்ட்ஸாக இருந்தது. சோதனை நடப்பதைச் சாதனமே அடையாளம் கண்டுகொண்டால், அங்கே அளக்கப்படுவது நமக்குக் கிடைக்கப்போகும் வேகம் அன்று. பெஞ்ச்மார்க்கையே தூக்கி எறிய இது காரணமாகாது. ஒன்றை மட்டும் நம்பாமல், வெவ்வேறு வகையான வேலைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் இது காரணம்.

இருவரும் ஒரே கம்பைலரைப் பயன்படுத்த வேண்டுமா, அவரவருக்குச் சிறந்ததைப் பயன்படுத்தலாமா?

அறிந்தவர்களே இரண்டாகப் பிரிந்து வாதிடும் இடம் இது. இரண்டு பக்கத்திலும் உண்மை இருப்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரே கம்பைலர், ஒரே அமைப்பு (செட்டிங்) என்றால் முதல் பார்வையில் அது சமமாகத் தோன்றும். ஆனால், அந்தக் கம்பைலர் ஒரு நிறுவனத்தின் செயலியை நன்கு அறிந்ததாகவும் மற்றதை அரைகுறையாக அறிந்ததாகவும் இருந்தால், சமம் என்ற பெயரில் ஒருபக்கச் சாய்வு புகுந்துவிடும். இன்டெல் கம்பைலர் உருவாக்கிய நிரல்கள், ஓடும்போது செயலியின் பெயரைப் பார்த்து, இன்டெல் அல்லாதவற்றுக்கு மெதுவான பாதையைத் தேர்ந்தெடுத்தது நீண்டகாலக் குற்றச்சாட்டு. 2010இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் எட்டிய உடன்பாட்டில், இதைப் பற்றிய உண்மையை நிரலாளர்களுக்குத் தெரிவிக்க இன்டெல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மறுபுறம், அவரவர் விருப்பப்படி என்று விட்டுவிட்டால், வேறு எங்கும் பயன்படாத அமைப்புகளைத் தேடிப்பிடித்து மதிப்பெண்ணை உயர்த்தும் போட்டியில் போய் முடியும்.

ஸ்பெக் இதற்கு ஒரு நடுவழி கண்டது. ஒரே மொழியில் எழுதிய நிரல்கள் அனைத்துக்கும் ஒரே அமைப்பைப் பயன்படுத்தி அடிப்படை மதிப்பெண் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக மெருகேற்றிய உச்ச மதிப்பெண்ணை விரும்பினால் அதோடு சேர்த்து வெளியிடலாம். என் கருத்தில், நம்மைப் போன்ற பயனர்களுக்கு அடிப்படை மதிப்பெண்ணே உண்மைக்கு நெருக்கமானது. நாம் கடையில் வாங்கும் மென்பொருளை ஒவ்வொரு செயலிக்கும் யாரும் தனியாகத் தைத்துத் தருவதில்லை. தன் நிரலைத் தானே எழுதித் தானே தொகுக்கும் ஆய்வுக்கூடத்துக்கு உச்ச மதிப்பெண்ணும் பொருளுள்ளதே.

தயாரிப்பாளரே பணம் கொடுத்துச் செய்விக்கும் ஒப்பீடுகளை எப்படிப் படிப்பது?

முடிவைப் படிக்கும் முன் சோதனை அமைப்பைப் படியுங்கள். 2018 அக்டோபரில் தன் கோர் ஐ9-9900கே செயலியை ஏஎம்டியின் ரைசன் 7 2700எக்ஸ் செயலியோடு ஒப்பிட்டு, இன்டெல் பணம் கொடுத்துச் செய்வித்த விளையாட்டுச் சோதனைகள் வெளியாயின. அமைப்புக் குறிப்பைக் கவனமாகப் படித்தவர்கள், ரைசனில் இருந்த 8 கோர்களில் (செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பிரிவுகளில்) பாதியை முடக்கிவிடும் ஒரு விருப்பம் இயக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். மறுபடி சோதித்தபோது இன்டெல் முன்னணியில்தான் இருந்தது, ஆனால் இடைவெளி சுருங்கியது. அமைப்பு விவரத்தை முழுமையாக வெளியிட்டிருந்ததால்தான் பிழை வெளிச்சத்துக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். விவரமே இல்லாமல் இரண்டு பட்டைகளை வரைந்து, ஒன்றை உயரமாகக் காட்டும் விளம்பரத் தாளைவிட அது எவ்வளவோ மேல்.

அளவுகோல் பூச்சியத்தில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். 95இலிருந்து தொடங்கும் வரைபடத்தில் 2 விழுக்காட்டு வித்தியாசம்கூட மலையளவு தெரியும்.

இணையத்தில் காட்டும் மதிப்பெண் நம் கணினியில் ஏன் வருவதில்லை?

வெப்பம், மின்சாரம், ரேம் என மூன்று காரணங்களைச் சொல்லலாம். அவற்றுள் வெப்பம் நம் ஊரில் தனிக் கவனத்துக்கு உரியது.

சோதனையாளர்கள் பெரும்பாலும் குளிரூட்டப்பட்ட அறையில் வேலை செய்கிறார்கள். நம் வீடுகளில், அதுவும் தகரக் கூரை போட்ட பழைய வீடுகளில், பிற்பகல் 2 மணிக்கு அறை வெப்பம் 32, 33 பாகையைத் தொடும். செயலியிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் விசிறிக்குள் போவதும் அதே சூடான காற்றுதான். ஒரு மடிக்கணினியில் சினிபெஞ்ச் என்னும் பெஞ்ச்மார்க் சோதனையை அப்படிப்பட்ட நேரத்தில் தொடங்கிவிட்டு, துடிப்பு வேகத்தைக் காட்டும் சாளரத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். முதல் அரை நிமிடம் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும். பிறகு விசிறியின் இரைச்சல் கூடும். விசைப்பலகையின் மேல்வரிசையில் கை வைக்க முடியாதபடி சூடேறும். வேகம் படிப்படியாக இறங்கி, 3 கிகாஹெர்ட்ஸ் அருகில் அல்லது அதற்கும் கீழே போய் நிலைக்கும். அதே மடிக்கணினியை இரவு மழை பெய்த பின் ஓட்டினால் எண் வேறு. சினிபெஞ்ச் ஆர்23 பதிப்பிலிருந்து 10 நிமிடத் தொடர் ஓட்டம் சேர்க்கப்பட்டது இதற்காகவே. ஒரே ஓட்டத்தில் எடுத்த எண்ணையும் 10 நிமிடம் கழித்து எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பவரின் ஒப்பீட்டை நான் தயங்காமல் நம்புவேன்.

மின்சாரத்துக்கு வந்தால், செயலியின் பெட்டியில் பெரிதாகத் தெரியும் வாட் எண் அதன் உச்சம் அன்று. இன்டெலின் கோர் ஐ9-12900கே செயலியின் அடிப்படைக் கணக்கு 125 வாட், உச்சக் கணக்கு 241 வாட். ஒரே பெயருடைய செயலியை ஒரு மடிக்கணினி தயாரிப்பாளர் குறைந்த வாட்டிலும் இன்னொருவர் அதிக வாட்டிலும் ஓடவிடலாம். ஆகவே, செயலியின் பெயரை மட்டும் வைத்து இரண்டு மடிக்கணினிகளை ஒப்பிடுவது தவறாகிவிடும். மின்னிணைப்பில் இருக்கும்போது ஒரு வேகம், மின்கலத்தில் இன்னொரு வேகம் என்பதும் உண்டு.

ரேம் விஷயத்தில் கடைக்காரர்கள் அடிக்கடி கைவைப்பார்கள். 16 ஜிபி ரேமை ஒரே பட்டையாகப் போட்டால் செயலிக்கு ஒரு வழித்தடம்தான் கிடைக்கும். இரண்டு 8 ஜிபி பட்டைகளாகப் போட்டால் இரண்டு வழித்தடம். செயலிக்குள்ளேயே வரைகலையும் சேர்ந்திருக்கும் கணினிகளில் இந்த வித்தியாசம் விளையாட்டில் கண்ணுக்கே தெரியும். ஒன்றில் ஒரு பட்டை, மற்றதில் இரண்டு பட்டை என்று வைத்துச் செயலிகளை ஒப்பிட்டால், நீங்கள் உண்மையில் ஒப்பிட்டது ரேமைத்தான்.

இரண்டு செயலிகளுக்கும் ஒரே வாட் அளவு கொடுத்து ஒப்பிடுவதுதான் நியாயமா?

வடிவமைப்பின் திறமையை அறிய அது சரியான வழி. வாங்குவதற்கு முடிவெடுக்க, பெட்டியிலிருந்து எடுத்தபடியே, தயாரிப்பாளரின் இயல்பு அமைப்பில் ஓட்டுவதே சரி, ஏனென்றால் பத்தில் ஒன்பது பேர் அந்த அமைப்பைத் தொடுவதே இல்லை. இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தால், எடுத்துக்கொண்ட மின்சாரத்தையும் முடிவோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 5 விழுக்காடு வேகத்துக்காக இரட்டிப்பு மின்சாரம் குடிக்கும் செயலியை வெறுமனே வென்றது என்று அறிவிப்பது அநியாயம்.

கோர்கள் கூடக்கூட வேகமும் அதே அளவு கூடுமா?

கூடாது. 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் எடுத்துரைத்த கணக்கு இன்றும் பொருந்துகிறது. ஒரு வேலையில் 90 விழுக்காட்டைப் பல கோர்களுக்குப் பங்கிட முடியும், மிச்சம் 10 விழுக்காட்டை ஒருவரே வரிசையாகச் செய்ய வேண்டும் என்றால், 8 கோர்களில் அது ஏறத்தாழ 4.7 மடங்குதான் விரைவாகும். எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் 10 மடங்கைத் தாண்டாது. திருமணக் காணொளிகளை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் இளைஞர்களுக்குக் கோர் எண்ணிக்கை உண்மையிலேயே உதவும். வேர்டில் இடுபணி எழுதும் மாணவிக்கு ஒற்றைக் கோரின் வேகமே அனுபவத்தைத் தீர்மானிக்கும். ஒற்றைக் கோர், பல கோர் என்று இரண்டு எண்களையும் தனித்தனியே கேட்டு வாங்குங்கள்.

பல சோதனைகளின் முடிவை ஒரே எண்ணாக எப்படிச் சுருக்குவது?

எந்தச் சராசரியை எடுப்பது என்பதிலேயே வெற்றி தோல்வி மாறிவிடலாம். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். முதல் நிரலை முடிக்க 'அ' கணினிக்கு 10 விநாடி, 'ஆ' கணினிக்கு 20 விநாடி. இரண்டாம் நிரலுக்கு 'அ' 40 விநாடி, 'ஆ' 20 விநாடி. இப்போது 'அ'வை 1 என்று வைத்து 'ஆ'வின் நேரங்களை விகிதமாக்கினால் 2, 0.5, கூட்டுச் சராசரி 1.25. ஆகவே 'ஆ' 25 விழுக்காடு மெதுவானது என்று ஒருவர் எழுதலாம். 'ஆ'வை 1 என்று வைத்தால் 'அ'வின் விகிதங்கள் 0.5, 2, சராசரி மறுபடியும் 1.25. இப்போது 'அ' 25 விழுக்காடு மெதுவானது! இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எடுத்துக்கொண்ட சராசரிதான் தவறு.

விகிதங்களுக்குக் கூட்டுச் சராசரி எடுக்கக் கூடாது, பெருக்குச் சராசரிதான் (எண்களைப் பெருக்கி, எத்தனை எண்களோ அத்தனையாம் மூலம் எடுப்பது) எடுக்க வேண்டும் என்று 1986இல் பிளெமிங், வாலஸ் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை வலியுறுத்தியது. ஸ்பெக்கும் அதையே பின்பற்றுகிறது. அந்த முறையில் நம் எடுத்துக்காட்டில் இரண்டும் சமம். ஆனால் மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் 'அ' 50 விநாடி, 'ஆ' 40 விநாடி. இரண்டு நிரல்களையும் நாளுக்கு ஒருமுறை ஓட்டுபவருக்கு 'ஆ'தான் லாபம். பெருக்குச் சராசரி யாருடைய வேலைநாளையும் குறிக்கவில்லை என்பது அதன் மீதான நியாயமான குறை. உங்கள் வேலை எது என்று தெரிந்தால், அந்த வேலைகளின் மொத்த நேரத்தையே பாருங்கள். தெரியாத பலருக்காகப் பொதுப்பட்டியல் போடுபவர் பெருக்குச் சராசரியைப் போடட்டும், கூடவே ஒவ்வொரு சோதனையின் தனி எண்ணையும் தரட்டும்.

ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதாதா?

போதாது. பின்னணியில் விண்டோஸ் புதுப்பிப்பு ஓடினாலே எண் மாறிவிடும். அதைவிட நுட்பமான காரணங்களும் உண்டு: நிரலோடு தொடர்பே இல்லாத சூழல் மாறிகளின் (இயங்குதளம் வைத்திருக்கும் அமைப்புக் குறிப்புகளின்) அளவை மாற்றினால்கூட ஓட்ட நேரம் மாறுவதை 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பலமுறை ஓட்டி, நடு மதிப்பை எடுத்து, மிகக் குறைந்த எண்ணையும் மிகக் கூடிய எண்ணையும் பக்கத்தில் குறிப்பிடுங்கள். அந்த ஏற்ற இறக்கத்தைவிடச் சிறிய வித்தியாசத்தை வெற்றி என்று சொல்லாதீர்கள்.

வெவ்வேறு பதிப்புகளின் மதிப்பெண்களை ஒப்பிடலாமா?

கூடாது. கீக்பெஞ்ச் என்னும் பெஞ்ச்மார்க்கின் 6ஆம் பதிப்பு, கோர் ஐ7-12700 செயலிக்கு 2,500 என்று வைத்து அளக்கிறது. முந்தைய பதிப்பின் அடிப்படை வேறு. பழைய இதழ் ஒன்றில் பார்த்த எண்ணையும் நேற்று எடுத்த எண்ணையும் ஒரே தாளில் எழுதினால் எதுவும் விளங்காது.

தமிழ்ப்பள்ளிக் கணினி அறைக்கோ பிள்ளைகளின் மேற்படிப்புக்கோ வாங்கும்போது எப்படி ஒப்பிடுவது?

முதலில் அங்கே நடக்கப்போகும் வேலையை எழுதுங்கள்: உலாவியில் பல தாவல்கள், காணொளி வகுப்பு, வேர்டு, எக்ஸெல், கொஞ்சம் நிரலாக்கம். பிறகு விலையின் வரம்பை முடிவு செய்யுங்கள். 2,000 வெள்ளிக் கணினியை 3,500 வெள்ளிக் கணினியோடு ஒப்பிட்டு எது வேகம் என்று விவாதிப்பது பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் நேரத்தை வீணாக்கும். கடையில் இரண்டு கணினிகளிலும் ஒரே கோப்பைத் திறந்து, ஒரே காணொளித் துண்டை ஏற்றுமதி செய்து, கைப்பேசியில் நேரம் பிடிக்க அனுமதி கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். இரண்டிலும் ரேம் எத்தனை பட்டை, எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத விரைவான சேமிப்பகம்) உண்டா, மின்னிணைப்பில் இருக்கிறதா, விண்டோஸின் மின்சார அமைப்பு எதில் வைக்கப்பட்டிருக்கிறது என்பனவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இருபது மாணவர்கள் ஒரே அறையில் குளிர்சாதனம் இல்லாமல் உட்காரப்போகிறார்கள் என்றால், 10 நிமிட ஓட்டத்தின் கடைசி எண்ணுக்கே அதிக மதிப்புக் கொடுங்கள்.

பழைய கணினி மெதுவாகிவிட்டது. புதிய செயலி தேவையா?

பெரும்பாலும் இல்லை. சுழலும் வன்தட்டு இன்னும் இருந்தால் அதை எஸ்எஸ்டியாக மாற்றி, ரேம் 4 ஜிபியாக இருந்தால் 8 ஜிபியாவது ஆக்கி, விசிறியில் படிந்த தூசியை நீக்கிவிட்டு மறுபடி நேரம் பிடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேலை நேரம் முழுவதும் செயலியின் பயன்பாடு 100 விழுக்காட்டிலேயே நின்றால், அப்போது புதிய செயலியைப் பற்றிப் பேசலாம்.